குவாட் பைக்குக்கு எந்தச் செயின் வாங்கலாம்?

குவாட் பைக், அதாவது மண்பாதையில் ஓடும் நான்கு சக்கர வண்டிக்குச் செயின் வாங்கப் போகிறவரிடம் கடைக்காரர் கேட்கும் முதல் கேள்வி, "நம்பர் என்ன?" என்பதுதான். வண்டியின் பெயர், வாங்கிய வருஷம், எஞ்சின் சிசி எல்லாவற்றையும் மனப்பாடமாகச் சொல்கிறவர்கள்கூட இந்த இடத்தில் முழிப்பார்கள். நம்பரைச் சொல்லிவிட்டாலும் விடமாட்டார்கள். ஓ-ரிங்கா, எக்ஸ்-ரிங்கா, சாதாவா, எத்தனை கண்ணி, கிளிப் லாக்கா, ரிவெட் லாக்கா என்று அடுத்தடுத்து வரும். ஒரே நம்பரில் மலிவானதும் இருக்கும், கேட்டவுடன் திரும்பிப் போகத் தோன்றும் விலையிலும் இருக்கும். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: நம்பரை வண்டி முடிவு செய்கிறது, அதில் நமக்கு வேலை இல்லை. மற்றதையெல்லாம் எஞ்சின் பலத்தைவிட, நீங்கள் ஓட்டும் மண்ணைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

முதலில் உங்கள் வண்டியில் செயின் இருக்கிறதா என்று குனிந்து பாருங்கள். சிரிக்க வேண்டாம். தென்னாப்பிரிக்காவில் டர்பனுக்கு வடக்கே வெருலம், டோங்காட், ஸ்டேங்கர் பக்கம் கரும்புத் தோட்டங்களில் வேலைக்கு ஓடும் பெரிய குவாட்கள் பலவற்றில் செயினே கிடையாது. ஹோண்டா ஃபோர்டிராக்ஸ், யமஹா கிரிஸ்லி போன்ற வண்டிகள் ஷாஃப்ட் எனும் சுழலும் தண்டின் மூலம் சக்கரத்தைச் சுற்றுகின்றன. செயின் வருவது ஸ்போர்ட் வகை வண்டிகளில்: யமஹா ராப்டர், ஒய்எஃப்இசட் 450, ஹோண்டா டிஆர்எக்ஸ் 400, சுசூகி எல்டி-இசட் 400 போன்றவை. பிள்ளைகளுக்கு வாங்கிக் கொடுக்கும் 50 முதல் 110 சிசி வரையான சின்ன வண்டிகள் பெரும்பாலும் செயின்தான்.

இனி செயினுக்குள் என்ன இருக்கிறது என்று பார்ப்போம். 1880இல் மான்செஸ்டரில் ஹான்ஸ் ரெனால்டு காப்புரிமை வாங்கிய புஷ் ரோலர் செயின்தான் இன்றைக்கும் அடிப்படை. இரண்டு உள்தகடுகளைக் குழாய் போன்ற இரண்டு புஷ் இணைக்கும். அந்தப் புஷ்ஷின் மேல் ஒரு ரோலர் சும்மா சுழலும். பல்சக்கரத்தின் பல் தொடுவது இந்த ரோலரைத்தான். புஷ்ஷுக்குள்ளே எஃகுக் கம்பி போன்ற பின் ஒன்று நுழைந்து, வெளித்தகடுகளோடு இறுக்கமாகப் பிணைந்திருக்கும். செயின் பல்சக்கரத்தில் ஏறி வளையும்போதும் இறங்கி நிமிரும்போதும், பின் புஷ்ஷுக்குள் கொஞ்சம் திரும்புகிறது. தேய்மானம் முழுக்க நடப்பது கண்ணுக்குத் தெரியாத இந்த இடத்தில்தான். "செயின் இழுத்துப்போச்சு" என்று எல்லோரும் சொல்கிறோம். தகடுகள் ரப்பர் மாதிரி நீள்வதில்லை. ஒவ்வொரு பின்னும் புஷ்ஷும் மயிரிழை அளவு தேய, தொண்ணூறு நூறு கண்ணிகளில் அது சேர்ந்து மொத்த நீளத்தில் தெரிகிறது, அவ்வளவுதான்.

சரி, நம்பருக்கு வருவோம். 520 என்றால் என்ன? முதல் எண், ஒரு பின்னிலிருந்து அடுத்த பின்னுக்கு உள்ள தூரத்தை அங்குலத்தில் எட்டில் எத்தனை பங்கு என்று சொல்கிறது. 5 என்றால் எட்டில் ஐந்து அங்குலம், அதாவது 15.875 மில்லிமீட்டர். 4 என்றால் அரை அங்குலம், 12.7 மில்லிமீட்டர். அடுத்த இரண்டு எண்கள் உள்தகடுகளுக்கு நடுவே உள்ள அகலம்: 20 என்றால் கால் அங்குலம், 6.35 மில்லிமீட்டர்; 30 என்றால் எட்டில் மூன்று அங்குலம், 9.53 மில்லிமீட்டர். 428 மட்டும் இந்தக் கணக்குக்கு அடங்காது. அதன் உள்ளகலம் 7.94 மில்லிமீட்டர், 525க்கு உள்ள அதே அகலம். ஏன் 425 என்று போடவில்லை என்று தலையைப் பிய்த்துக்கொள்ளாமல் அப்படியே ஏற்றுக்கொள்ளுங்கள்.

மேலே சொன்ன ஸ்போர்ட் குவாட்கள் எல்லாமே 520தான். பிள்ளைகள் வண்டியில் 420 அல்லது 428 வரும். இந்த இரண்டுக்கும் பின் தூரம் ஒன்றுதான் என்பதால், "இதுவும் அரை அங்குலம்தானே, போட்டுப் பார்க்கலாம்" என்று சிலர் மாற்றிப் போடுவதுண்டு. வேண்டாம். 420இன் ரோலர் விட்டம் 7.77 மில்லிமீட்டர், 428க்கு 8.51. பல்சக்கரத்தின் பள்ளம் ஒன்றுக்குத்தான் சரியாக இருக்கும்; மற்றது உட்கார்ந்த மாதிரி தெரிந்தாலும் பல்லைத் தின்றுவிடும். நம்பர் தெரியாவிட்டால் பழைய செயினின் வெளித்தகட்டைத் துணியால் துடைத்துப் பாருங்கள், அங்கேயே பொறித்திருக்கும். நம்பருக்குப் பின்னால் ஹெச் என்று ஓர் எழுத்து இருந்தால், தகடு தடிமனான வகை என்று அர்த்தம். 428க்குப் பதில் 428ஹெச் அதே பல்சக்கரத்தில் ஓடும். கொஞ்சம் கனம் கூடும். பக்கத்தில் எதிலும் உரசாமல் இடம் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

நம்பர் முடிந்தது. பணம் எங்கே போகிறது என்பது இனித்தான்.

சாதா செயினில் பின்னுக்கும் புஷ்ஷுக்கும் நடுவே எண்ணெய் போவது வெளியிலிருந்துதான். நீங்கள் ஊற்றினால் உண்டு, இல்லையென்றால் இல்லை. சீல் வைத்த செயினில் தொழிற்சாலையிலேயே பின்னுக்கும் புஷ்ஷுக்கும் நடுவே கிரீஸை அடைத்து, உள்தகட்டுக்கும் வெளித்தகட்டுக்கும் இடையில் சின்ன ரப்பர் வளையத்தை வைத்து மூடிவிடுகிறார்கள். வளையத்தின் குறுக்கு வெட்டு வட்டமாக இருந்தால் ஓ-ரிங். எக்ஸ் வடிவத்தில் இருந்தால் எக்ஸ்-ரிங். ஓ-ரிங் தட்டையாக நசுங்கி மூடுவதால் கொஞ்சம் இழுவை அதிகம். எக்ஸ்-ரிங் அதன் மெல்லிய விளிம்புகளால் தகட்டைத் தொடுவதால் உராய்வு குறைவு, நடுவிலுள்ள பள்ளத்தில் கொஞ்சம் கிரீஸும் தங்கும். விலை கூடுதல், ஆயுளும் கூடுதல். டிஐடி செயினில் விஎக்ஸ் என்று இருந்தால் எக்ஸ்-ரிங், விஓ என்று இருந்தால் ஓ-ரிங். மற்ற கம்பெனிகள் வேறு எழுத்துகள் போடுவார்கள், ஆகவே அட்டைப்பெட்டியில் உள்ள விளக்கத்தைப் படித்துவிட்டு வாங்குங்கள்.

இங்கேதான் மண் முக்கியமாகிறது. டர்பன் இருக்கும் குவாசூலு-நேட்டால் மாகாணத்தின் கடற்கரையோரம் நெடுக இருப்பது பெரியா சிவப்பு மணல். டர்பனின் பெரியா குன்று முழுக்க அதுதான், வடக்கே கரும்பு நிற்கும் மேடுகளிலும் அதுதான். நுண்ணிய மணலும் களிமண்ணும் கலந்தது. காய்ந்தால் மாவுபோல் பறக்கும், நனைந்தால் அப்பிக்கொள்ளும். சாதா செயினில் எண்ணெய் விட்டு இந்த மண்ணில் ஓட்டினால், எண்ணெயும் மணலும் சேர்ந்த குழம்பு பின்னுக்கும் புஷ்ஷுக்கும் நடுவே போய் அம்மியில் வைத்து அரைத்த மாதிரி அரைக்கும். எண்ணெய் விடாமல் ஓட்டினால் உலோகம் உலோகத்தைத் தின்னும். இரண்டு பக்கமும் நஷ்டம். அறுவடைக் காலத்தில் எரித்த கரும்பின் சாம்பலும் காற்றில் சேரும், அதுவும் நல்லதல்ல. தோட்டத்து மண்ணில் ஓடும் 520 வண்டிக்குச் சாதா செயின் வாங்குவது, வாங்கும் அன்று மட்டும் மலிவு.

டிராகன்ஸ்பெர்க் அடிவாரம், ஹாவிக், அண்டர்பெர்க் பக்கம் போய் ஓட்டுகிறவர்களுக்குத் தொந்தரவு வேறு விதம். ஓடையைக் கடக்கும்போது சாதா செயினில் உள்ள எண்ணெயைத் தண்ணீர் அடித்துக்கொண்டு போகும். ஒரே ஒரு நாள் ஓட்டத்தில் செயின் காய்ந்துபோன மாதிரி கிறீச்சிடும். அங்கேயும் சீல் வைத்ததுதான் வேண்டும். கடற்கரை மணலைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. 2002 முதல் இந்த நாட்டில் அனுமதிச் சீட்டு இல்லாமல் கடற்கரையில் வண்டி இறக்கக் கூடாது. கேப் டவுனுக்கு வடக்கே அட்லாண்டிஸ் மணல்மேடுகளுக்கு அனுமதி வாங்கிப் போகிறவர்கள் செயினின் வெளிப்புறத்துக்குப் பிசுபிசுப்பான கிரீஸ் அடிக்காமல், காய்ந்து படியும் மெழுகு வகை ஸ்பிரேயைப் பயன்படுத்தட்டும்.

அப்படியானால் சாதா செயின் யாருக்கு? பிள்ளைகள் வண்டிக்கு. 110 சிசி எஞ்சினின் கொஞ்சப் பலத்தில் சீலின் இழுவை நன்றாகவே தெரியும். புல்வெளியில், வீட்டு முற்றத்தில் ஓடும் வண்டிக்குக் கிரீஸை அடைத்துவைத்து என்ன ஆகப் போகிறது? அப்புறம், சீல் வைத்த செயின் கொஞ்சம் அகலம் கூடியது. சின்ன வண்டிகளில் எஞ்சின் உறைக்கும் செயினுக்கும் இடைவெளி குறைவாக இருந்தால் உரசும். போட்டிப் பந்தயத்தில் ஓட்டுகிறவர்களும் சாதா வகையை விரும்புவார்கள். அவர்கள் ஒவ்வொரு பந்தயத்துக்கும் செயினைக் கழற்றிக் கழுவுவார்கள், நாம் அப்படிச் செய்யமாட்டோம்.

பலம் பற்றி ஒரு வார்த்தை. பெட்டியில் கிலோநியூட்டனிலோ பவுண்டிலோ இழுவைப் பலம் என்று ஓர் எண் போட்டிருப்பார்கள். நல்ல 520 செயின் 35 கிலோநியூட்டன் அளவில் இருக்கும், அதாவது ஏறக்குறைய மூன்றரை டன் எடை. குவாட்டின் எஞ்சின் அந்த அளவுக்குப் பக்கத்தில்கூட வராது. ஆகவே 38 நல்லதா 40 நல்லதா என்று கடையில் வாதாட வேண்டாம். செயின் அறுந்துபோவது பெரும்பாலும் தேய்ந்த பிறகு, அல்லது லாக் கழன்று. அறுந்தால் வண்டி நிற்பது சின்ன விஷயம். முன்பக்கச் சின்னப் பல்சக்கரத்தில் செயின் சுருண்டு அலுமினிய எஞ்சின் உறையை உடைத்துவிடும். அது செயின் விலையோடு நிற்கும் செலவு இல்லை. பெயர் தெரியாத செயினை விட்டு டிஐடி, ஆர்கே, இகே என்று ஜப்பானியப் பெயர்களில் ஒன்றை எடுக்கச் சொல்வது இதற்காகத்தான். தங்க நிறப் பூச்சு உள்ளதா என்று கேட்பவர்களுக்கு: அது பலம் கூட்டாது. டர்பன் உப்புக்காற்றில் வெளித்தகடு துருப்பிடிப்பதைக் கொஞ்சம் தள்ளிப்போடும். கூடுதல் காசு கையில் இருந்தால் எடுக்கலாம்.

புதுச் செயினைப் பழைய பல்சக்கரத்தில் போடாதீர்கள். இதை எத்தனை முறை சொன்னாலும், "பல்லெல்லாம் நல்லாத்தான் இருக்கு, மாமா" என்று பதில் வரும். பழைய செயின் நீள நீள, ரோலர்கள் பல்லின் உச்சியை நோக்கி ஏறிப் பள்ளத்தையும் தங்களுக்கேற்ப நீட்டிவிடுகின்றன. அந்தப் பள்ளத்தில் சரியான நீளமுள்ள புதுச் செயினை மாட்டினால், சுமை எல்லாப் பற்களிலும் பரவாமல் ஓரிரண்டு பற்களில் விழும். புதுச் செயின் பழைய செயினின் வயதுக்குச் சீக்கிரமே வந்து சேரும். பக்கத்திலிருந்து பார்த்தால் பல் சமச்சீராக நிற்க வேண்டும். சுறாவின் துடுப்பு மாதிரி ஒரு பக்கம் சாய்ந்து, நுனி கூர்மையாகிவிட்டால் அது முடிந்த கதை. முன் பல்சக்கரம், பின் பல்சக்கரம், செயின் மூன்றையும் ஒரு செட்டாகச் சேர்த்து வாங்குவதுதான் கணக்கில் மலிவு. பின்பக்கம் அலுமினியமா எஃகா என்று கேட்பார்கள். எஃகு கனம், ஆனால் நீடிக்கும். வேலை வண்டிக்கும் வாரக்கடைசி ஓட்டத்துக்கும் எஃகே போதும்.

செட்டாக வாங்கும்போது கியர் விகிதத்தையும் மாற்றலாம் என்று கடையில் ஆசை காட்டுவார்கள். மேட்டுக் கரும்பு வரிசைகளில் ஏறுகிறவருக்கு இது உண்மையிலேயே பயன்படும், ஆனால் கணக்கு தெரிந்து செய்ய வேண்டும். முன்னால் 14 பல், பின்னால் 38 பல் என்று வைத்துக்கொள்வோம். 38ஐ 14ஆல் வகுத்தால் 2.71. முன்பக்கம் ஒரு பல்லைக் குறைத்து 13 ஆக்கினால் 2.92. பின்பக்கம் மூன்று பல்லைக் கூட்டி 41 ஆக்கினாலும் ஏறக்குறைய அதே 2.93. முன்னால் ஒரு பல்லும் பின்னால் மூன்று பல்லும் சமம் என்று மனதில் வைத்துக்கொண்டால் போதும். இரண்டு வழியிலும் சக்கரத்தில் இழுவை ஏறத்தாழ 8 சதவீதம் கூடும், உச்ச வேகம் அதே அளவு குறையும்.

முன்பக்கப் பல்சக்கரம் மலிவு, மாற்றுவதும் எளிது. எல்லோரும் அதைத்தான் செய்வார்கள். எனக்கு அது பிடிக்காது. பல்சக்கரம் சின்னதானால் ஒவ்வொரு கண்ணியும் அதிகக் கோணத்தில் வளைய வேண்டும், அப்படியானால் பின்னும் புஷ்ஷும் அதிகம் தேயும். செயின், பின் அச்சைத் தாங்கி மேலும் கீழும் ஆடும் பின்பக்க ஆர்மின் மேலுள்ள பிளாஸ்டிக் காப்பிலும் நெருக்கமாக உரசும். இடம் இருந்தால் பின்பக்கத்தைக் கூட்டுங்கள். பின்னால் மூன்று பல் கூடினால் செயினில் ஒன்றரைக் கண்ணிக்கு இடம் தேவைப்படும். அதே செயினை வைத்துக்கொண்டால், அச்சு 12 மில்லிமீட்டர் முன்னுக்கு வர வேண்டும். அச்சை நகர்த்தும் அட்ஜஸ்டரில் அந்த அளவுக்கு இடம் இல்லையென்றால் நீளமான செயின்தான். செயின் எப்போதும் இரட்டைப்படைக் கண்ணிகளில் வரும்: 94, 96, 98 என்று. ஒற்றைப்படை ஆக்க அரைக் கண்ணி விற்கிறார்கள். சைக்கிளுக்குச் சரி, குவாட்டில் அதுதான் முதலில் போகும் இடம்.

எத்தனை கண்ணி என்று பழைய செயினை வைத்துத்தான் எண்ண வேண்டும், ஆனால் யாராவது ஏற்கெனவே பல்சக்கரத்தை மாற்றியிருந்தால் அது தப்பான எண்ணாக இருக்கலாம். வண்டியின் கைப்புத்தகத்தில் எண் இருக்கும். சந்தேகம் இருந்தால் கூடுதலாக வாங்கிக்கொள்ளுங்கள், நீளமானதை வெட்டலாம்.

இணைக்கும் இடத்துக்குச் செயின் லாக் என்போம். கிளிப் வகையில் மீன் வடிவத் தகடு ஒன்று இரண்டு பின்களின் பள்ளத்தில் மாட்டும். ரிவெட் வகையில் பின்னின் முனையைக் கருவியால் விரித்துவிடுவார்கள். ரிவெட் உறுதியானது, காட்டில் கழற்ற முடியாது. கிளிப்பைக் குறடு வைத்து எங்கேயும் கழற்றி மாட்டலாம். குவாட்டில் கிளிப்பே பெரும்பாலும் போதும். ஒரே நிபந்தனை, கிளிப்பின் மூடிய பக்கம் செயின் ஓடும் திசையைப் பார்க்க வேண்டும், பிளந்த பக்கம் பின்னால். தலைகீழாக மாட்டினால் ஒரு கல்லோ குச்சியோ தட்டும்போது கிளிப் வாய் திறந்து போய்விடும். சீல் வைத்த செயினின் லாக்கோடு நான்கு வளையங்கள் தனியாக வரும். ஒவ்வொரு பின்னுக்கும் இரண்டு பக்கமும் ஒன்று என்று போட்டு, கூடவே வரும் கிரீஸைத் தடவிவிட்டு மாட்டுங்கள். வளையத்தைப் போடாமல் மாட்டினால் அந்த ஒரு கண்ணி மட்டும் சாதா செயின்.

தொய்வைப் பற்றி: பெரும்பாலான ஸ்போர்ட் குவாட்களில் நடுவில் மேலும் கீழும் 25 முதல் 40 மில்லிமீட்டர் வரை ஆட்டம் இருக்கும், சரியான எண் உங்கள் வண்டியின் கைப்புத்தகத்தில். இறுக்கமாக இருப்பது தொய்வாக இருப்பதைவிட மோசம். நீங்கள் உட்காரும்போது பின்பக்க ஆர்ம் மேலே எழும். முன்பக்கப் பல்சக்கரம், ஆர்மின் மூட்டு, பின் அச்சு மூன்றும் ஒரே கோட்டில் வரும்போது செயின் மிக அதிகமாக இழுபடும். நிறுத்தி வைத்திருக்கும்போது இறுக்கமாக இருந்தால், பள்ளத்தில் இறங்கும்போது அது கியர்பெட்டியின் பேரிங்கை இழுக்கும். சக்கரத்தை மெல்ல உருட்டி, எந்த இடத்தில் செயின் அதிக இறுக்கமாக இருக்கிறதோ அந்த இடத்தில் அளவு பாருங்கள்.

கழுவுவதற்கு மண்ணெண்ணெயும் மென்மையான பிரஷும் போதும். பெட்ரோல் ரப்பர் வளையங்களைக் கெடுக்கும், கம்பிப் பிரஷ் கிழிக்கும். அழுத்தத் தண்ணீர்க் குழாயைச் செயினுக்கு நேராகக் காட்டினால், நீங்கள் காசு கொடுத்து வாங்கிய சீலுக்குள் நீங்களே தண்ணீரை அடிக்கிறீர்கள். கழுவித் துடைத்த பிறகு 80டபிள்யூ-90 கியர் எண்ணெயை மெல்லிசாகத் தடவுங்கள். சீல் வைத்த செயினுக்கு அது ரோலரையும் சீலையும் காக்கத்தான், பின்னுக்கு உள்ளே ஏற்கெனவே கிரீஸ் இருக்கிறது. வண்டியை வீட்டுக்குக் கொண்டு வந்ததும், செயின் சூடாக இருக்கும்போதே தடவினால் ராத்திரி முழுக்க உள்ளே இறங்கி நிற்கும்.

எப்போது மாற்றுவது? பின்பக்கப் பல்சக்கரத்தின் பின்னுள்ள நடுப்பகுதியில் செயினைப் பிடித்துப் பின்னோக்கி இழுங்கள். பல்லில் பாதி தெரிந்தால் நேரம் வந்துவிட்டது. கொஞ்சம் துல்லியமாக வேண்டுமானால், செயினை இறுக்கி வைத்து ஒரு பின்னின் நடுவிலிருந்து இருபத்தோராவது பின்னின் நடுவரை அளந்து பாருங்கள். புது 520இல் அது 317.5 மில்லிமீட்டர். 321ஐத் தொடும்போது 1 சதவீதம் நீண்டிருக்கிறது, புதுசுக்குப் பணம் சேர்க்கத் தொடங்கலாம். 324 என்றால் 2 சதவீதம், அதற்கு மேல் ஓட்டுவது பல்சக்கரத்தைச் செலவழிப்பது. அரை அங்குலச் செயினில் அதே இருபது இடைவெளி புதிதில் 254, 2 சதவீதத்தில் 259. செயின் முழுக்க ஒரே மாதிரி தேய்வதில்லை, மூன்று நான்கு இடத்தில் அளந்து மோசமானதைக் கணக்கில் எடுங்கள்.

இன்னொரு அடையாளம் உண்டு, நம் ஊரில் அது ஏமாற்றும். சீல் கிழிந்த கண்ணியில் பின்னும் புஷ்ஷும் காய்ந்து தேய, தகடுகளின் நடுவிலிருந்து செந்நிறப் பொடி கசியும். துருத்தூள் அது. பெரியா மண்ணும் அதே நிறம் என்பதால் பார்த்தவுடன் தெரியாது. செயினை நன்றாகக் கழுவித் துடைத்து, ஈரமில்லாத இடத்தில் சிறிது தூரம் ஓட்டிவிட்டுப் பாருங்கள். எல்லாக் கண்ணியிலும் ஒரே மாதிரி இருந்தால் மண். ஒன்றிரண்டு கண்ணிகளில் மட்டும், அதுவும் தகடுகள் சேரும் கோட்டில் வட்டமாக வந்திருந்தால், அந்தக் கண்ணிகளை விரலால் மடக்கிப் பாருங்கள், விறைப்பாக இருக்கும். ஒன்றிரண்டுதானே என்று விடுவதற்கில்லை, அந்தச் செயினின் மற்றக் கண்ணிகளும் அதே வயதுதான்.

கடைசியாக, செயின் வாங்கும்போதே அதே கம்பெனி, அதே மாடலுக்கான லாக் ஒன்றைக் கூடுதலாக வாங்கி, குறடோடு சேர்த்து வண்டியின் பையில் போட்டு வையுங்கள். பின்னின் தடிமனும் தகட்டின் அளவும் மாடலுக்கு மாடல் மாறுவதால், ஒரு கம்பெனியின் லாக் இன்னொன்றின் செயினில் சரியாக உட்காரும் என்று நம்ப முடியாது. பிறகு தனியாகத் தேடினால் சரியான லாக் கிடைப்பது கஷ்டம்.